வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள்

பிரசவ லீவு 84 நாள். வாசிக்கத் தெரியாத எமது உறுப்பினர்களுக்கும் இந்த எண் மனப்பாடம். 2018 வரை மூன்றாவது பிள்ளையைப் பெற்ற தாய்க்கு அது 42 நாளாக இருந்தது. அந்த வருடத்தின் 15ஆம் இலக்கச் சட்டம்தான் எத்தனையாவது பிள்ளை என்று பார்க்கும் வழக்கத்தை நீக்கி, எல்லாப் பிரசவத்துக்கும் 84 நாள் என்று ஆக்கியது. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் கேட்டுக் கிடைத்த உரிமை அது. அதை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் அடங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதம் நிறையுமுன் பிறந்த பிள்ளைகள் அவர்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிறைமாதம் என்பது நாற்பது கிழமை. ஒரு பிள்ளை முப்பதாவது கிழமையில் பிறந்து, வைத்தியசாலையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் ஆறு கிழமை இருக்கிறது என்று வையுங்கள். லீவில் பாதி, 42 நாள், அங்கேயே போய்விட்டது. மிச்சம் 42 நாளோடு தாய் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அதுவும் முடிந்து 85ஆம் நாள் அவர் மண்வெட்டியோடு தென்னைக்குள் இறங்கும்போது, பிள்ளை பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் அதற்கு வயது இரண்டே கிழமை. நிறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாயை இரண்டாவது கிழமையில் வேலைக்குக் கூப்பிட எந்த முதலாளிக்கும் சட்டம் இடம் கொடுக்காது. குறைமாதத்தில் பெற்றவரை அதே சட்டம் கூப்பிட விடுகிறது. காரணம், எண்ணத் தொடங்கும் நாள் பிழையாக இருக்கிறது.

இந்தத் தலையங்கம் அந்த நாளைப் பற்றியது. அதோடு, வீட்டுக்கு வந்த தாய்க்கு வைத்தியசாலைத் தாதியொருவர் தொலைபேசி வழியாகத் துணை நிற்கும் ஒழுங்கு பற்றியும் பேசப்போகிறோம். இரண்டும் வேறு வேறு விடயம் போலத் தெரியலாம். ஒன்றில்லாமல் மற்றது பாதிப் பயன்தான் தரும் என்பது எமது எண்ணம்.

முதலில் பிள்ளையைப் பார்ப்போம். 37 கிழமை நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 134 இலட்சம் பிள்ளைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பத்தில் ஒன்று. இரத்த அழுத்தம், கிருமித்தொற்று, இரட்டைப் பிள்ளை, இரத்தச் சோகை என்று காரணங்கள் பல. பல வேளைகளில் காரணமே தெரிவதில்லை. “அந்த வாளியைத் தூக்கினபடியால்தான்”, “சொல்வழி கேளாமல் வேலைக்குப் போனபடியால்தான்” என்று தாயின் தலையில் பழியைப் போடுகிறவர்கள் எங்கள் குடும்பங்களிலும் உண்டு. பாரம் தூக்காமல் இருக்க அவருக்கு வசதி இருந்ததா என்று அவர்கள் கேட்பதில்லை.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது, இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யும் பழக்கம் பிள்ளைக்கு ஏறத்தாழ 34ஆம் கிழமையளவில்தான் வருகிறது. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்குக் குழாய் வழியாகத்தான் பால் போகும். பிறகு சின்னக் கோப்பையால் பருக்குவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மார்பு. அதுவரை தாய் கையால் பால் எடுத்துக் கொடுத்தபடியே இருக்க வேண்டும், இரவிலும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுக்காமல் விட்டால் பால் குறைந்துவிடும். குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் புரதம் கூடுதலாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் குடலைத் தாக்கிச் சாகடிக்கும் நோயிலிருந்து காக்கவும் செய்கிறது. கடையில் விற்கும் எந்த ரின்னிலும் அந்தக் காவல் இல்லை.

வைத்தியசாலையில் இதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு தாதி இருக்கிறார். தராசு இருக்கிறது. அடுத்த கட்டிலில் இதே பாடுபடும் இன்னொரு தாய் இருக்கிறார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள் எல்லோருக்கும் சந்தோஷமான நாள். அன்றிரவுதான் சிக்கல் தொடங்குகிறது.

எப்படி என்று சொல்கிறோம். பிள்ளை நித்திரை. நாலு மணித்தியாலமாகியும் எழும்பவில்லை, அழவில்லை. அம்மம்மாவுக்குப் பெருமை: “குழப்படி இல்லாத பிள்ளை.” ஆனால் குறைமாதப் பிள்ளை பசித்தாலும் அழாமல் கிடக்கும். தட்டி எழுப்பி, உடுப்பைத் தளர்த்தி, பால் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை உறிஞ்சிவிட்டுத் திரும்பவும் நித்திரையாகிவிடும். குடித்ததா, குடிக்கவில்லையா? தராசு இல்லை. தாய்க்குப் பயம் பிடிக்கிறது. “உனக்குப் பால் காணாது” என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். மறுநாள் காலை தகப்பன் சந்திக்குப் போய்ப் பால்மா ரின் ஒன்றோடு வருகிறார். பிள்ளை புட்டியில் குடிக்கிறது, மார்பு சும்மா இருக்கிறது, சும்மா இருக்கும் மார்பில் பால் இறங்குகிறது. பால் இறங்கினபடியால் இன்னொரு ரின். நாட்சம்பளத்தில் வாழும் வீட்டில் அந்த ரின்னை நாலு நாளுக்குப் பதில் எட்டு நாளுக்கு இழுக்கத் தண்ணீரைக் கூட்டுவார்கள். அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது வேறு கேள்வி.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கேட்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் குறை.

சுவீடன் நாட்டில் இந்தக் குறைக்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். ஆறு வைத்தியசாலைகளின் குறைமாதப் பிரிவுகளில் இருந்து வீடு சென்ற 493 தாய்மாரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, வீட்டுக்குப் போன மறுநாளில் இருந்து பதினாலாம் நாள் வரை, குறைமாதப் பிரிவின் தாதியே தினமும் தொலைபேசி எடுத்துப் பாலூட்டல் பற்றி விசாரித்தார். மற்றப் பிரிவினருக்கு, “தேவையென்றால் நீங்கள் எடுங்கள்” என்று இலக்கம் மட்டும் கொடுக்கப்பட்டது. முடிவு 2018இல் வெளியானது. அதை உள்ளபடியே சொல்ல வேண்டும், ஏனென்றால் தொலைபேசி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். எட்டாவது கிழமையில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்களின் அளவில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. ஆனால் தினமும் அழைப்புப் பெற்ற தாய்மாரின் மன அழுத்தம் குறைந்திருந்தது.

இதிலிருந்து நாம் இரண்டு விடயம் எடுத்துக்கொள்கிறோம். தொலைபேசியால் பால் சுரக்காது. சுவீடனில் நீண்ட சம்பள லீவு உள்ள தாய்க்கே அதனால் பாலூட்டல் கூடவில்லை என்றால், 85ஆம் நாள் வேலைக்குப் போகும் எமது தாய்க்குத் தொலைபேசி மட்டும் என்ன செய்துவிடும்? இது ஒன்று. மற்றது, பயம் குறைவது சின்ன விடயம் அல்ல. பயத்தில்தான் எங்கள் வீடுகளில் முதல் ரின் உடைக்கப்படுகிறது. தனியாக விடப்படவில்லை என்ற எண்ணம் ஒரு தாய்க்குத் தேவைப்படும் முதல் மருந்து.

டென்மார்க்கில் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். பிள்ளை முழுமையாக மார்பில் குடிக்கத் தொடங்குமுன்பே, குழாயோடு வீட்டுக்கு அனுப்பி, தாதி காணொளி அழைப்பில் பார்த்துப் பேசி வழிநடத்தும் முறை அங்கே நடக்கிறது. குழாயோடு வீட்டுக்கு அனுப்பும் கதை எங்களுக்கு இப்போது வேண்டாம். தண்ணீர் வசதியும் மின்சாரமும் வாகனமும் நிச்சயமாக உள்ள வீட்டுக்குத்தான் அது பொருந்தும். ஆனால் அந்தத் தாதி பார்த்துச் சொல்லும் விடயங்கள் இங்கேயும் வேண்டியவைதான். பிள்ளையைப் பிடித்திருக்கும் விதம், வாய் மார்பில் பொருந்தியிருக்கும் விதம், ஒரு நாளில் எத்தனை தடவை மூத்திரம் போனது, நிறம் மஞ்சளாகிறதா, எடுத்த பாலை எப்படி வைப்பது.

சுவீடன் கணக்கில் எமக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அழைப்பது தாதி, தாய் அல்ல. எமது பெண்கள் தாங்களாக எடுக்க மாட்டார்கள். டொக்டர் ஏசுவார், மிஸ்ஸிக்கு நேரமிருக்காது, சின்ன விடயத்துக்குக் கரைச்சல் கொடுப்பதா என்று மூன்று தடவை யோசித்து, நாலாவது தடவை ரீலோட் இல்லை என்று விட்டுவிடுவார்கள். இலக்கம் ஒன்றை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுச் “சேவை வழங்குகிறோம்” என்று யாரும் சொல்ல நாம் இடம் கொடுக்கக் கூடாது. கேட்கத் தயங்குபவரிடம் தேடிப்போவதுதான் சேவை. அது மட்டுமல்ல, எண்ணத் தொடங்கிய நாளையும் கவனியுங்கள். பிள்ளை பிறந்த நாளில் இருந்து அல்ல. வீட்டுக்கு வந்த நாளில் இருந்து.

இங்கே எமது நாட்டின் ஒழுங்கைப் பார்க்க வேண்டும், அது பல நாடுகளுக்கு இல்லாத பலம். பிரசவம் முடிந்த வீட்டுக்கு மருத்துவமாது தேடி வருகிறார். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒரு மருத்துவமாது என்பது அளவுகோல். முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, பிறகு மூன்றாம் கிழமையளவில், பிறகு நாற்பத்திரண்டாம் நாளளவில் என்று அவர் வர வேண்டிய நாட்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 2016ஆம் ஆண்டு அளவீட்டில் இலங்கையின் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் என்று வந்ததற்கு, சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்த அந்தப் பெண்கள் ஒரு பெரிய காரணம். அவர்களும் தொழிலாளர்கள், வெற்றிடங்கள் நிரப்பப்படாத இடங்களில் இரண்டு பேரின் வேலையை ஒருவர் செய்கிறார்.

ஆனால் அந்த நாட்களும் பிரசவ நாளில் இருந்துதான் எண்ணப்படுகின்றன. பிள்ளை ஆறு கிழமை கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ கிடந்தால், வகுக்கப்பட்ட வருகைகள் தாய் இல்லாத வீட்டின் முன்னால் முடிந்துபோகின்றன. விவரம் தெரிந்த மருத்துவமாதுக்கள் தாங்களாகவே பிந்திய நாட்களில் திரும்ப வருகிறார்கள். அவர்களுக்கு எமது நன்றி. அது அவர்களின் நல்ல மனத்தில் தங்கியிருக்கக் கூடாது. குறைமாதப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் முதல் வருகை, இரண்டாம் வருகை எல்லாம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். துண்டு வெட்டும் அன்றே வைத்தியசாலை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்து, மருத்துவமாது சிறு தராசோடு வர வேண்டும். நிறையைத் தொலைபேசியில் பார்க்க முடியாது. தாயின் குரல் தெம்பாக இருக்கிறது என்பதற்காகப் பிள்ளை நிறை கூடுகிறது என்று அர்த்தமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் குறைமாதப் பிள்ளைகளின் பராமரிப்புக்குப் புதிய பரிந்துரைகளை வெளியிட்டது. பயிற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அதில் ஒன்று. பெற்றோருக்கான லீவும் உரித்துகளும் குறைமாதப் பிள்ளையின் விசேட தேவையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. அதாவது நாம் இங்கே எழுதுவது சங்கக்காரரின் பேராசை அல்ல.

பயிற்றப்பட்டவர் என்றால் வெள்ளை உடுப்புக்காரர் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பாங், ராணி பாங் என்ற வைத்தியத் தம்பதியர் கிராமத்துப் பெண்களையே பயிற்றி, பிறந்த பிள்ளைகளை வீடுவீடாகப் பார்க்க வைத்தார்கள். மூன்றாவது வருடத்தில் அங்கே பிறந்து ஒரு மாதத்துக்குள் சாகும் பிள்ளைகளின் தொகை, ஒப்பிட்ட ஊர்களைவிட 62 வீதம் குறைந்தது. 1999இல் வெளிவந்த முடிவு அது. எமது தோட்டங்களில் பிள்ளை வளர்த்துத் தழும்பேறிய பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒரு தோட்டத்துக்கு இருவரை மருத்துவமாதுவின் மேற்பார்வையில் பயிற்ற முடியாதா? தாதியின் அழைப்பு வரும்போது பக்கத்தில் இருந்து பிள்ளையைப் பிடித்துக் காட்ட அப்படி ஒருவர் இருந்தால் அந்த அழைப்பின் பெறுமதி இரட்டிப்பாகும்.

பளைப் பகுதியில் தொலைபேசித் துணை என்றால் வேறு சில விடயங்களையும் யோசிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு நல்ல போன்தான் இருக்கும்; அது தகப்பனின் சட்டைப் பையில் இருக்கும்; அவர் மாலையில்தான் வருவார். ஆகவே அழைப்பு எத்தனை மணிக்கு என்று தாயிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பேசும் குரல் தமிழில் இருக்க வேண்டும், அதுவும் புத்தகத் தமிழில் அல்ல. காணொளி அழைப்பு என்றால் கூச்சம் இருக்கும், இருக்கத்தான் செய்யும். மார்பை போனில் காட்டு என்று சொன்னால் எமது பெண்களில் பலர் அன்றோடு போனை எடுக்கமாட்டார்கள். பொம்மையையோ தலையணையையோ வைத்துப் பிடிக்கும் விதத்தைக் காட்டலாம், பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்கலாம், குரலோடு நிற்கலாம். தாய் எதற்குச் சம்மதிக்கிறாரோ அதுதான் முறை. எந்தப் படமும் எந்தப் போனிலும் சேமிக்கப்படக் கூடாது என்பதில் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். செலவும் தாயின் தலையில் வரக் கூடாது.

இனி வேலைத்தலம். எமக்கு உரிய இடம் அது.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்றாலும் அதற்குள் பின்னர் சேர்ந்த ஒரு நல்ல ஏற்பாடு, தோட்டங்களில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. மடுவம் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மலைநாட்டுத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா இருக்கிறது, அதன் நிலைமை எப்படியிருந்தாலும் ஒரு கூரை இருக்கிறது. இங்கே தென்னந்தோட்டங்களில் பிள்ளையை மரநிழலில் சாக்கில் கிடத்தி, மூத்த பிள்ளையைக் காவல் வைத்துவிட்டுக் கிடுகு பின்னுகிறார்கள், தும்பு அடிக்கிறார்கள். மடுவம் இல்லாத தோட்டத்தில் வேலை செய்யும் தாய் ஒரு நாளில் இரண்டு தடவை, ஒவ்வொரு மணித்தியாலம், வீட்டுக்குப் போய்வர உரித்துள்ளவர். போனதற்காக அரைப் பெயர் போடுகிறவர் சட்டத்தை மீறுகிறார். இதை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த உரிமைகள் செக்ரோலில் பெயர் உள்ளவருக்குத்தான் இலகுவாகக் கிடைக்கும். வருடக்கணக்காக ஒரே தோட்டத்தில் வேலை செய்தும் “இடைக்கிடை வரும் கூலி” என்று தனிக் கொப்பியில் எழுதப்படும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் தற்செயல் வேலையாளுக்கு இந்த நன்மை இல்லை. கொப்பியை மாற்றி எழுதுவதால் மிச்சம் பிடிப்பது சில ஆயிரம் ரூபா. அதற்கு விலை கொடுப்பது ஒன்றரைக் கிலோ நிறையுள்ள ஒரு பிள்ளை. உங்கள் வேலை நாட்களை நீங்களும் எழுதி வையுங்கள். திகதியும் செய்த வேலையும் போதும். தொழில் திணைக்களத்துக்குப் போகும் நாளில் அந்தக் கொப்பிதான் பேசும்.

குறைமாதப் பிள்ளைக்கு லீவை நீட்டுவது நடக்காத காரியமா? ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பிந்திய பாதுகாப்புக் காலம் எட்டுக் கிழமை. குறைமாதப் பிறப்பு என்றால் பன்னிரண்டு. பிரித்தானியாவில் பிறந்த பிள்ளை வைத்தியசாலையில் தங்க வேண்டி வந்தால் பெற்றோருக்கு மற்ற லீவுகளுக்கு மேலாகப் பன்னிரண்டு கிழமை வரை கிடைக்கும் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எமது உறவுகள் வாழும் நாடுகள்தான் இவை; போனில் கேட்டுப் பாருங்கள். அவை பணக்கார நாடுகள் என்று சொல்வார்கள். சரி. நாம் கேட்பது பன்னிரண்டு கிழமை மேலதிகமாக அல்ல. பிள்ளை வைத்தியசாலையில் இருந்த நாட்களை 84இல் இருந்து கழிக்காதீர்கள் என்கிறோம். ஒரு தோட்டத்தில் ஒரு வருடத்தில் இப்படி எத்தனை பிள்ளைகள் பிறக்கும்? விரல் விட்டு எண்ணலாம். எந்தத் தோட்டமும் இதனால் நட்டத்தில் மூடப்படாது.

2025 செப்ரெம்பரில் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டத்தை அரசாங்கம் ஆரம்பித்திருக்கிறது. நல்லது. போரில் தலை போய் மொட்டையாக நின்ற தென்னைகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. புதுத் தோப்பு வருவதில் எம்மைவிடச் சந்தோஷப்படுபவர் யார்? ஆனால் நாற்றுமேடையில் நிற்கப்போவது பெண்கள். தென்னங்கன்றை நாம் பிள்ளை என்றுதான் சொல்கிறோம். நட்ட முதற்கோடையில் அதற்குக் கிடுகு மறைப்பும் தண்ணீரும் வேண்டும் என்று திட்டத்தில் பணம் ஒதுக்குகிறவர்கள், அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு மடுவமும் பால் எடுக்க ஒரு மறைவான அறையும் எடுத்த பாலை வைக்க ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டியும் ஒதுக்கலாம். பளை வெயிலில் எடுத்த பால் வெளியில் நெடுநேரம் இருக்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாக அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையை 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்ற வைத்தியர் தொடங்கியபோது அது வசதியில்லாத வைத்தியசாலையின் வழியாக இருந்தது; சூடு கொடுக்கும் பெட்டிகள் போதவில்லை. பிறகு கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இந்த முறையைத் தொடங்கியபோது சிறு பிள்ளைகளின் மரணம் நாலில் ஒரு பங்கு குறைந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளில் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் இதைச் செய்யச் சொல்கிறது. எட்டு மணித்தியாலம் தாய் ஒருவரால் முடியாது. தகப்பன்மாரே, சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். தேங்காய் உரித்துக் காய்த்த கை என்று பயப்பட வேண்டாம், பிள்ளைக்கு வேண்டியது உங்கள் நெஞ்சுச் சூடு. அந்த நேரத்தில் தாய் நித்திரை கொள்ளட்டும், பால் எடுக்கட்டும். அப்பம்மா, அம்மம்மா, மாமிமாரே, சீனித்தண்ணீரும் கற்கண்டுத் தண்ணீரும் வேண்டாம். காயம் கொடுங்கள், மீனும் முட்டையும் கொடுங்கள், பத்தியம் என்ற பெயரில் தாயைப் பட்டினி போடாதீர்கள். பால் காணாது என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

தாதியின் அழைப்புக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. பிள்ளை எழுப்பியும் குடிக்கவில்லை, உடம்பு குளிர்ந்துபோகிறது, அல்லது காய்கிறது, மூச்சு வேகமாக இழுக்கிறது அல்லது முனகுகிறது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகின்றன, வலிப்பு வருகிறது, அரை நாளாக மூத்திரம் இல்லை என்றால் யாரிடமும் கேட்க வேண்டாம். 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸுக்குப் பணம் இல்லை. போகும் வழியெல்லாம் பிள்ளையை நெஞ்சோடு வைத்திருங்கள்.

சங்கம் இது பற்றிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும் தொழில் திணைக்களத்துக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் எழுதப்போகிறது. கடிதம் வெறும் கையோடு போகக் கூடாது. கடந்த ஐந்து வருடத்தில் குறைமாதத்தில் பிள்ளை பெற்ற உறுப்பினர்கள், உறுப்பினர்களின் மனைவிமார், மகள்மார், மருமக்கள் எல்லோரும் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது மூன்று திகதிகளை எழுதிக்கொண்டு வாருங்கள்: பிள்ளை பிறந்த திகதி, வீட்டுக்கு வந்த திகதி, தாய் வேலைக்குத் திரும்பிய திகதி. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலும் துண்டிலும் முதல் இரண்டும் இருக்கும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளை தங்கவில்லை என்றால், சொல்ல மனம் இருந்தால், அந்தத் திகதியையும் எழுதுங்கள். பெயர்கள் வெளியே போகாது.